பச்சை வயர் எங்கே போய் முடிகிறது? திருகோணமலைப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், வலயக் கல்விப் பணிமனை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

"அப்பா, எங்கட லாப்பில அஞ்சாம் நம்பர் கொம்பியூட்டர் கடிக்குது. மிஸ் சொன்னவ, பெட்டியத் தொடாம மவுசை மட்டும் பிடிக்கட்டாம்."

தரம் 9 படிக்கும் என் மகள் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னது இது. தெருமுனையில் ஒரு நாய் கடிக்கும், அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்வதைப் போல, மிகச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. இந்த ஊரில் 20 வருடத்துக்கு மேலாக மோட்டர் கொயில் சுற்றுவதும் மின்கருவி திருத்துவதும்தான் என் பிழைப்பு. கரண்ட் கடித்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவது என் அன்றாட வேலை. அந்த வேலையை என் பிள்ளை படிக்கும் அறையில் செய்ய வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அதிபரிடம் அனுமதி கேட்டேன். அவர் மறுக்கவில்லை, அதற்கு நன்றி. ஒரு சனிக்கிழமை மீட்டரோடு போனேன். பாடசாலையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அங்கே கண்டதை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். ஒரு பாடசாலையைக் குற்றவாளியாக்கினால் மற்றவர்கள் "நாங்கள் அப்படி இல்லை" என்று இந்த மடலை மூடி வைத்துவிடுவார்கள்.

கணினி அறை வாசலில் ஒரு மட்டை தொங்கியது: "பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." தூசி போகக்கூடாது என்பதற்காக எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கும் வழக்கம்தான். உள்ளே மாபிள் தரை, 18 கணினிகள், ஒரு ஏசி. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஐந்தாம் நம்பர் பெட்டியின் பின்பக்க ஆணியில் மீட்டரின் ஒரு முனையையும், யன்னல் கிராதியில் மறுமுனையையும் வைத்தேன். 104 வோல்ற்று காட்டியது. நான்காம் நம்பரிலும் அதே 104. பதினைந்தாம் நம்பரிலும் அதேதான். கடித்தது ஒரு கணினி இல்லை, அறை முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாம் நம்பர் யன்னலோரம் இருந்தபடியால், பிள்ளைகளின் கை கிராதியில் பட்டபோது அங்கே மட்டும் தெரிந்திருக்கிறது.

இதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும், ஏனென்றால் விளங்காதபடியால்தான் இது வருடக்கணக்காக அப்படியே கிடக்கிறது.

கணினியின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கொள்ளளவிகள் வைத்திருப்பார்கள். ஒன்று உயிர்க்கம்பியிலிருந்து பெட்டிக்கு, மற்றது நொதுமல் (நியூட்ரல்) கம்பியிலிருந்து பெட்டிக்கு. இரண்டும் சமம் என்பதால், பெட்டிக்குப் புவித்தொடுப்பு, அதாவது மண்ணோடு இணைக்கும் ஏர்த், இல்லாவிட்டால் அது நடுவிலே மிதக்கும். 230 வோல்ற்றில் பாதி, அதாவது 115 வோல்ற்றுப் பக்கம். நான் கண்ட 104உம் அந்தப் பக்கம்தான். கணினியில் பழுது ஒன்றும் இல்லை. புத்தம் புதிய கணினியிலும் இப்படித்தான் சிறிதளவு கரண்ட் ஒழுகிக்கொண்டிருக்கும். அந்த ஒழுக்கைக் கொண்டுபோய் மண்ணில் விடுவதற்குத்தான் மூன்றாவது பின் இருக்கிறது.

(எங்கள் பத்திரிகைகள் எந்தத் தீ விபத்துக்கும் "மின் ஒழுக்கு காரணமாக" என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லின் அர்த்தமே மாறிப்போய்விட்டது. நான் இங்கே சொல்லும் ஒழுக்குத் தீயாக வெடிக்காது. சத்தமில்லாமல், எந்த நேரமும் போய்க்கொண்டிருக்கும்.)

இந்த ஒழுக்குக்குச் சர்வதேச நியமங்களில் எல்லை உண்டு. இரட்டைக் காவலி (இன்சுலேஷன்) போட்ட, இரண்டு பின் உள்ள வீட்டுக் கருவிக்குக் கால் மில்லி அம்பியர். ஸ்திரிக்கைப் பெட்டி மாதிரி கையில் தூக்கக்கூடிய, ஏர்த் உள்ள கருவிக்கு 0.75. ஓரிடத்தில் நிற்கும் மோட்டர்க் கருவிக்கும், பிளக்கில் குத்தும் கணினி வகைக் கருவிக்கும் 3.5. உண்மையில் ஒரு கணினியில் அரை மில்லி அம்பியர் அளவில்தான் ஒழுகும். அது கையில் பட்டால் சுள்ளென்று இருக்கும், ஆளைக் கொல்லாது. "ஒன்றுக்கும் பயமில்லை, ஸ்ராட்டிக் கரண்ட்" என்று யாரோ ஒரு எலக்ட்ரீசியன் அந்த ஆசிரியைக்குச் சொல்லியிருந்தாராம். ஒரு கணினியை மட்டும் வைத்துப் பார்த்தால் பயம் குறைவுதான். 18 கணினி இருக்கும் அறைக்கு அந்தப் பதில் பொருந்தாது.

ஏனென்று சொல்கிறேன். அந்த அறையின் பிளக் பொயின்ட்களில் ஏர்த்துக்கான பச்சை வயர் இருந்தது. ஒழுங்காக முறுக்கி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுத்து, பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியில் உள்ள ஏர்த் பட்டை வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். பட்டையிலிருந்து ஒரு தடித்த வயர் சுவரைத் துளைத்து வெளியே போனது. வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோரம் குறோட்டன் சாடிகளுக்குப் பின்னால் அந்த வயர் மண்ணுக்குள் இறங்கியது. மண்ணைக் கிளறினேன். மண்ணுக்குள் அடித்திருந்த உலோகக் கம்பியின், அதாவது ஏர்த் ரொட்டின், தலை கறுத்திருந்தது. வயரைப் பிடித்திருந்த கிளம்பு உப்புக்காற்றில் அரித்துப் பச்சைக் களிம்பு பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்து கையோடு வந்தது. வயர் வேறாக, ரொட் வேறாகக் கிடந்தன.

அதாவது 18 பெட்டிகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன, மண்ணோடு மட்டும் இணையவில்லை. 18 ஒழுக்கும் ஒன்றாகச் சேர்ந்து வழி தேடிக்கொண்டிருந்தன. தற்காலிகமாக ஒரு ரொட் அடித்து, மில்லி அம்பியர் மீட்டரை நடுவில் வைத்து அளந்தேன். 8 மில்லி அம்பியர். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அந்த 8க்குமான வாசல் திறந்திருந்தது. வளர்ந்த ஆளுக்கே 10 மில்லி அம்பியர் அளவில் கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவிலேயே அப்படி ஆகும். காய்ந்த தரையில் காய்ந்த கால் நின்றபடியால் அன்று வரைக்கும் சுள்ளென்ற கடியோடு போயிருக்கிறது. மாரியில் நனைந்து வந்து, ஈரக் காலோடு நின்று, ஒரு கையில் கிராதியைப் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கரண்ட் மண்ணுக்கு ஒழுகினால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் அந்த அறைக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நல்ல கொம்பனிச் சாமான். டெஸ்ற் பொத்தானை அமத்தினேன், டக்கென்று விழுந்தது. அதிபருக்கு முகம் மலர்ந்தது. நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பொத்தான் ட்ரிப் சுவிட்சின் உள்ளே இருக்கும் பொறியை மட்டும்தான் பார்க்கும். வெளியே ஏர்த் இருக்கிறதா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஏர்த் ரொட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அமத்தினாலும் அதே டக் சத்தத்தோடுதான் விழும். அடுத்தது, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15 வரைக்கும் அசையக்கூடாது, 30இல் கட்டாயம் விழ வேண்டும் என்பதுதான் நியமம். 8க்கு அது விழாது. விழாதது அதன் குற்றமும் இல்லை.

இனி, அந்த 18இல் ஏதாவது ஒன்றுக்குள், அல்லது அந்த ஏசிக்குள், உயிர்க்கம்பி உரிந்து உடலில் பட்டால் என்ன ஆகும்? பச்சை வயர் எல்லாவற்றையும் கோர்த்திருக்கிறபடியால் 18 பெட்டிகளிலும் 230 வோல்ற்று நிற்கும். மண்ணுக்கு வழி இல்லாதபடியால் ட்ரிப் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் தொடும் பிள்ளைதான் அதற்குச் சேதி சொல்ல வேண்டும். ஏர்த் சரியாக இருந்தால், உரிந்த அந்தக் கணத்திலேயே, யாரும் தொட முன்னரே சுவிட்ச் விழுந்திருக்கும். ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

எங்கள் நாட்டில் இது இன்னும் முக்கியம். மின்சார சபையின் கம்பத்திலிருந்து சாதாரண இணைப்புக்கு வருவது இரண்டு கம்பி: உயிர், நொதுமல். மூன்றாவது கம்பியை அவர்கள் தருவதில்லை. அதை எங்கள் வளவு மண்ணில் நாங்களே இறக்க வேண்டும். இணைப்பு எடுக்கும்போது ஒரு முறை பார்ப்பார்கள், அதற்குப் பிறகு அந்த ரொட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "மெயினில் பிரேக்கர் இருக்கிறதே, கூடக் கரண்ட் போனால் விழும்தானே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். உங்கள் ரொட்டின் தடை 20 ஓம், ட்ரான்ஸ்போமர்ப் பக்க ஏர்த் 5 ஓம் என்று வையுங்கள். 230ஐ 25ஆல் பிரித்தால் 9 அம்பியர் சொச்சம். 20 அம்பியர் பிரேக்கர் அதைக் கணக்கிலும் எடுக்காது. 13 அம்பியர் பிளக்கின் உருகியும் உருகாது. பழுதான கருவியின் உடலில் 180 வோல்ற்றுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். 20 ஓம் என்பது நல்ல ஏர்த், அதோடுகூட இந்த நிலை.

எங்கள் மண்ணில் 20 ஓம் கிடைப்பதும் இலேசில்லை. தம்பலகாமத்து வயற்கரையில் நாலடி ரொட் ஒன்று இறக்கினாலே ஈரக் களிமண் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதே ரொட்டை உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மேட்டு மணலில் இறக்கிக் கச்சான் காற்று அடிக்கும் காய்ந்த காலத்தில் அளந்தால், மீட்டர் பல நூறு ஓம் காட்டும். நகரத்துக்குள் சில வளவுகளில் இரண்டடிக்குக் கீழே பாறை. சரிவாக அடித்துவிட்டு, மிஞ்சியதை வெட்டி எறிந்துவிட்டுப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். ரொட்டைத் தடிப்பாக வாங்குவதால் பெரிய பயன் இல்லை. நீளத்தை இரட்டித்தால் தடை கிட்டத்தட்ட பாதியாகும், தடிப்பை இரட்டித்தால் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறையும். ஆழம் போக முடியாத இடத்தில் இரண்டு மூன்று ரொட்டைத் தள்ளித்தள்ளி இறக்கி இணைக்க வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சோடு சேர்த்துப் பார்த்தால் 200 ஓமுக்குள் இருந்தாலும் உயிர் காக்கும். அதற்கு மேலே போனால் பிரித்தானிய வயரிங் விதிகளே அதை நிலையான ஏர்த் என்று நம்ப வேண்டாம் என்கின்றன, மண் காயக் காய மாறிவிடும் என்பதால்.

ஆகவே மார்கழி மழையில் அளந்து எழுதிய இலக்கத்தை நம்ப வேண்டாம். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் ஓகஸ்ட் பக்கம் அளக்க வேண்டும். விடுமுறையும் அந்தப் பக்கம்தான் வரும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், மனதில் கன காலம் கிடக்கிறது. கணினி அறைகளில் ஏர்த்தைச் சரிபண்ணிக் கொடுத்த பிறகு சில நாளில் தொலைபேசி வரும்: "அண்ணே, இப்ப ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுகுது. நீங்கள் வந்து போனதுக்குப் பிறகுதான்." சும்மா விழவில்லை. முன்னர் போக வழியில்லாமல் நின்ற ஒழுக்கு இப்போது மண்ணுக்குப் போகிறது, சுவிட்ச் அதைக் காண்கிறது. ஒரு ட்ரிப் சுவிட்சின் அளவில் 30 சதவீதத்துக்கு மேல் நிரந்தர ஒழுக்கு இருக்கக்கூடாது என்பது விதி. 30க்கு 9 மில்லி அம்பியர். கணினியோடு திரை, யூபிஎஸ், பிரின்ரர் எல்லாம் சேரும்போது பத்துப் பன்னிரண்டு இருக்கைக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச் என்று பிரித்துப் போட்டால் தொல்லை வராது. ஆனால் நடப்பது வேறு. பாடம் குழம்புகிறது, பரீட்சைக்கு நாள் கிட்டுகிறது, யாரோ ஒருவர் வந்து ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். சுவிட்ச் பெட்டிக்குள் பார்வைக்கு இருக்கும். பொத்தானை அமத்தினால் விழவும் கூடும். பிளக் பொயின்ட்டில் கரண்ட் அப்படியே இருக்கும். இதைச் செய்தவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பாடம் நடக்க வேண்டும் என்ற அவசரம்தான். ஆனால் தயவுசெய்து இன்றே போய், பொத்தானை அமத்திவிட்டு, அறையின் எல்லாக் கணினிகளும் நிற்கின்றனவா, யூபிஎஸ் இருந்தால் அது பற்றறிக்கு மாறுகிறதா என்று பாருங்கள். அதற்கு மீட்டர் தேவையில்லை.

ட்ரிப் சுவிட்சைத் தாண்டுவதைப் போலவே பயங்கரமான இன்னொரு குறுக்கு வழி, பிளக் பொயின்ட்டுக்குள்ளேயே நொதுமலையும் புவியையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. டெஸ்டர் எரியாது, கடியும் நிற்கும், எல்லோருக்கும் சந்தோசம். எங்கேயாவது நொதுமல் கம்பி ஒன்று கழன்றால் அந்த நிமிடமே கருவியின் உடலுக்கு முழு 230உம் வந்துவிடும்.

13 அம்பியர் பிளக்கின் நடுப் பின் ஏன் மற்றவற்றைவிட நீளம் என்று பிள்ளைகளைக் கேட்டால் தரம் 11 பிள்ளை சொல்லும்: ஏர்த் முதலில் தொட வேண்டும், கடைசியில் விடுபட வேண்டும். அது போய்த் தொட்டால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடியும் திறக்கும். அந்தத் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி, இரண்டு பின் பிளக்கைச் செருகுவதை அதே பிள்ளை ஆசிரியர் மேசையில் காண்கிறது.

தண்ணீர் இருக்கும் இடம் கணினி அறையைவிட மோசம். பழைய மாணவர்கள் அன்பாக வாங்கிக் கொடுத்த குடிநீர் இயந்திரம், கிணற்றடி மோட்டர் இரண்டையும் சொல்கிறேன். என் கடைக்கு வரும் மோட்டர்களில் கொயில் எரிந்து வருவதைவிடக் காவலி நனைந்து வருவது கூட. கடற்கரைப் பக்கத்து மோட்டரைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதன் வழியே கரண்ட் உடலுக்கு ஒழுகும். மோட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒரு முறை கொண்டுவந்தவர் சொன்னார்: "ஒரு பழுதும் இல்ல, பொடியள் பைப்பத் தொட்டா கூசுதாம், அதுதான்." அதுதான் பழுது. குடிநீர் இயந்திரத்தில் இடைவேளைக்கு நூறு பிள்ளைகள் ஈரக் கையோடு இரும்புக் குழாயைப் பிடிக்கிறார்கள், காலடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதற்கு இழுத்திருப்பது பெரும்பாலும் இரண்டு வயர் மட்டும் உள்ள எக்ஸ்ரென்சன். அந்த இரண்டு இடத்துக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். விளையாட்டுப் போட்டிக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிக்கும் இதே கதைதான். இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் ஏர்த் பின்னை முறித்திருப்பார்கள், மைக்கைப் பிடித்து அறிவிப்பவர் வெறுங்காலோடு புல்லில் நிற்பார்.

சரி, நான் உங்களிடம் கேட்பது என்ன?

கட்டடம் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, காய்ந்த காலத்தில், தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, அளந்த இலக்கங்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பார்த்தேன், ஓகே" என்பதை ஏற்க வேண்டாம். ஏர்த் ரொட்டின் தடை எத்தனை ஓம், மூன்று முனை மீட்டரால் அளந்தது. ஒவ்வொரு பிளக் பொயின்ட்டின் புவித்துளையிலிருந்தும் ஏர்த் பட்டை வரைக்கும் வயர் தொடர்ச்சியாக வருகிறதா, தடை எவ்வளவு. ட்ரிப் சுவிட்ச் உண்மையில் எத்தனை மில்லி அம்பியரில், எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது. 30 மில்லி அம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள்ளும், 150இல் 40 மில்லி செக்கனுக்குள்ளும் விழ வேண்டும். இது பொத்தானால் தெரியாது, அதற்கென்று தனி மீட்டர் உண்டு. எல்லாக் கணினியும் ஓடும்போது மொத்த ஒழுக்கு எவ்வளவு என்றும் கிளாம்ப் மீட்டரால் அளக்கலாம், இரண்டு நிமிட வேலை. காவலியை 500 வோல்ற்றில் பார்க்கும்போது மட்டும் கணினிகளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நல்ல கணினி பழுதாகும். அங்கே 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது.

அந்தத் தாளை டிபி பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் வருபவர் பழைய இலக்கத்தைப் பார்ப்பார். 60 ஓம் இருந்தது 400 ஆகியிருந்தால், மண்ணுக்குள் கிளம்பு அரிக்கிறது என்று குறோட்டன் சாடியைத் தூக்க முன்னரே தெரிந்துவிடும்.

வலயக் கல்விப் பணிமனைக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கணினி, ஸ்மார்ட் போர்ட், குடிநீர் இயந்திரம் எது நன்கொடையாக வந்தாலும், அதைப் பொருத்த முன்னர் இந்தத் தாளைக் கேளுங்கள். கொடுப்பவர்களிடமும் கேட்கலாம். 20 கணினி கொடுக்கக்கூடிய சங்கத்துக்கு இரண்டு ஏர்த் ரொட்டும் இரண்டு ட்ரிப் சுவிட்சும் பாரமாக இருக்காது. திறப்பு விழாவில் நாடா வெட்ட அவை தோதுப்படாதபடியால்தான் விடுபட்டுப்போகின்றன. ஏர்த் மீட்டர் ஒன்றை ஒவ்வொரு வலயமும் வாங்கி வைத்து, மூதூரிலிருந்து குச்சவெளி வரைக்கும் பாடசாலைகளுக்கு இரவல் கொடுத்தால் இன்னும் நல்லது. சிறு எலக்ட்ரீசியன்கள் பலரிடம் அந்த மீட்டர் இல்லை. இல்லாதபடியால் அளக்காமலே ஓகே சொல்கிறார்கள்.

என் மகளின் அறையில் இப்போது இரண்டு ரொட் இறக்கி, பித்தளைக் கிளம்பு போட்டு, கிறீஸ் பூசி, மேலே ஒரு சிறிய கொங்கிறீற்றுப் பெட்டி மூடியோடு வைத்திருக்கிறோம். கணினிப் பெட்டிக்கும் கிராதிக்கும் இடையில் மீட்டர் சைபர் காட்டுகிறது. மற்றப் பாடசாலைகளுக்கு அந்தத் தாள் வரும்வரைக்கும், உடனடியாக, செலவில்லாமல் ஒன்றைச் செய்யும்படி கெஞ்சிக் கேட்கிறேன். கணினி அறை வாசலில் தொங்கும் அந்த மட்டையைக் கழற்றுங்கள். பிள்ளைகள் சப்பாத்தோடு உள்ளே போகட்டும். தரை அழுக்கானால் சனிக்கிழமைகளில் வந்து கழுவித்தர நாங்கள் பெற்றோர் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் மோட்டர் திருத்தும் ஒரு தகப்பன்